பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்காதீர்கள்



இது நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் இன்னும் பத்து நிமிஷம் சகித்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். பணக் கணக்கு அங்கே இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் பஜனை மடத்துக்காக நம் பழைய மாணவர் குழுவில் பணம் திரட்டினீர்கள். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை, துபாய் என்று பல ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்தது 96,000 ரூபாய். ரொம்பச் சந்தோஷம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று முடிவும் எடுத்துவிட்டீர்கள். ஒன்று, சுவிட்சைப் போட்டால் தானே அடிக்கும் மின்சார மேளமும் மணியும். இரண்டு, பெரிய ஸ்பீக்கர் ஒன்று. மார்கழி முழுவதற்கும் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவது. மூன்று, மடத்தில் இருக்கும் பழைய ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து, வார்னிஷ் அடித்து, கண்ணாடிக்குள் வைத்துப் பெயர்ப்பலகை மாட்டுவது.

"பாரம்பரியத்தைப் பாதுகாக்கறோங்க சார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். 'எனக்கு உடன்பாடில்லை' என்று நான் எழுதியது அந்தக் கட்டைவிரல்களுக்கு அடியில் போய்விட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றையும் எதிர்க்கிறேன். அதிலும் மூன்றாவதைத்தான் அதிகமாக எதிர்க்கிறேன்.

'சாருக்கு வயசாயிருச்சு, பழசைக் கட்டிக்கிட்டு அழுகறாரு' என்று நினைக்க வேண்டாம். முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் நடத்தியவன் மின்சாரத்துக்கு எதிரியாக இருக்க முடியாது. பாரம்பரியம் என்று நீங்கள் எழுதியதே தப்பு என்பதுதான் என் முதல் வாதம். அந்தப் பெட்டி நம் பாட்டன் பூட்டன் செய்தது இல்லை. அது பாரிஸிலிருந்து வந்தது.

1842ல் பாரிஸில் அலெக்ஸாந்தர் டெபேன் என்பவர் ஆர்மோனியம் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அவர் எதற்காக அதைச் செய்தார் என்று தெரிய வேண்டுமானால் அதற்கு மூத்த கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் தேவாலயங்களில் இருக்கும் பைப் ஆர்கன்.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய் சோதனை ஞாபகம் இருக்கிறதா? 512 என்று எழுதிய இசைக்கவையைத் தட்டி, தண்ணீர் நிறைந்த குழாயின் வாயருகே பிடிப்போம். தண்ணீரை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் சுமார் 16 சென்டிமீட்டர் காற்று இருக்கும் இடத்தில் குழாய் 'ங்' என்று பாடும். "சார், குழாய்க்குள்ள யாரோ இருக்காங்க" என்று ஒரு பாப்பா கத்தியது. இன்று அந்தப் பாப்பா கோயம்புத்தூரில் டாக்டர். அந்தக் குழாய்க்குள் இருந்தது காற்று. நீளம் கூடினால் சுருதி இறங்கும். நீளம் பாதியானால் ஒரு ஸ்தாயி ஏறும். பைப் ஆர்கன் என்பது இந்த ஒரு விதியை வைத்துக் கட்டிய கட்டடம். எட்டு அடிக் குழாய் ஒன்று, அதைவிடக் கொஞ்சம் குட்டை ஒன்று, அதைவிடக் குட்டை ஒன்று என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழாய். துருத்தி காற்றை அடைத்து வைத்திருக்கும். விரல் கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் கதவு திறக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியோஸ் என்பவர் தண்ணீரால் காற்றழுத்தத்தைச் சமன் செய்து இப்படி ஒரு கருவியைச் செய்துவிட்டார்.

சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது. 1821ல் திறந்தது. அங்கே நீலமும் பொன்னுமாகக் குழாய்கள் நிற்கும் ஆர்கன் ஒன்று. இங்கிலாந்தில் யார்க்‌ஷையரில் செய்து, 1883ல் இங்கே பொருத்தியது. பல வருஷங்களுக்கு முன்னால் கூட வேலை பார்த்த ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே போயிருந்தேன். அதன் அடிச்சுரம் காதில் விழுவதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மரத்தில் ஏறியது. கொடுமுடியில் காவிரி நிறைந்து போகும் நாளில் படித்துறைக் கல்லில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அது மாதிரி. கல்யாணம் முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் அந்தக் குழாய்களை எண்ணிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எனக்கு ஆர்கன் பைத்தியம். வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எட்டு அடிக் குழாயை எல்லா ஊர்க் கோயிலுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. அதற்குத்தான் ஆர்மோனியம். குழாயை எடுத்துவிட்டுப் பித்தளை ரீடு வைத்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு நாக்கு காற்றில் துடித்தே எட்டு அடிக் குழாயின் சுருதியைக் கொடுத்துவிடும். இடம் மிச்சம், காசு மிச்சம். பாதிரிமார்களோடு கப்பல் ஏறி வந்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடித்து வாசிக்கும் பெட்டியாகச் செய்து பெயர் பெற்றார். ஆக, நீங்கள் கண்ணாடிக்குள் வைக்கப் போகும் பாரம்பரியம், பைப் ஆர்கனுக்குப் பதிலாக வந்த மலிவுப் பதிப்பு. அன்றைய 'கீபோர்டு' அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த புதுப் பெட்டியை நம் பெரியவர்கள் ஆரத்தி எடுத்தா வரவேற்றார்கள்? திட்டித் தீர்த்தார்கள். பாரதியார் தம் கட்டுரையில் திட்டினார். தாகூர் கல்கத்தா வானொலிக்கே கடிதம் எழுதினார். 1940 மார்ச் மாதம் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971ல்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அது அரசாங்க வானொலியில் தீண்டத்தகாத வாத்தியம்.

அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. நம் சங்கீதத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும், அசைய வேண்டும். கட்டை அசையாது. ஸ என்றால் ஸ, ரி என்றால் ரி. நடுவில் ஒன்றும் கிடையாது. வீணையும் நாதஸ்வரமும் செய்வதை இந்தப் பெட்டி செய்யாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கச்சேரிப் பாடகரிடம் "உங்கள் சுருதி என்ன?" என்று கேட்டால் "ஒரு கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்பார். எந்தக் கட்டை? ஆர்மோனியத்தின் கட்டை! வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக் கட்டைக்கு அரை. திட்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே அந்தப் பெட்டி பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது.

எப்படி உட்கார்ந்தது? வாசிக்க ஆள் இருந்ததால். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை தூக்க மாட்டார்கள். காலால் மிதிக்கும் பெட்டி, இரண்டு கையும் கட்டைமேல், வாயில் பின்பாட்டு. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் உச்சிக்கு ஏறும்போது கீழே அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் தாங்கி நின்றது. அந்தக் கிட்டப்பாவோடு மேடையேறிய நம் ஊர்ப் பெண் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1908ல் இந்தக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் குரல் வளர்ந்தது ஆர்மோனியத்தின் பக்கத்தில்தான். நம் பக்கத்துப் பல்லடத்தின் பெயரைத் தாங்கிய வெங்கட்ரமண ராவ், அசையாது என்று சொன்ன அதே கட்டைகளில் கர்நாடக இசைக் கச்சேரியே வாசித்துக் காட்டினார். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. கையிலும் ஆர்மோனியம், இளையராஜா கையிலும் ஆர்மோனியம்.

மலிவு நகலாக வந்த ஒன்றை ஆட்கள் உட்கார்ந்து வாசித்து வாசித்து வாத்தியமாக்கினார்கள். இதுதான் நான் கவனிக்கச் சொல்வது.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். 1935ல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் ஒரு ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் குழாயும் கிடையாது, காற்றும் கிடையாது. பல் வெட்டிய உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருள்களுக்கு முன்னால் சுழலும். பத்தாம் வகுப்பில் நடத்திய மின்காந்தத் தூண்டல்தான். பைப் ஆர்கன் வாங்க வசதி இல்லாத தேவாலயங்கள் வாங்கத் தொடங்கின. குழாய் செய்பவர்களுக்குக் கோபம். 'பைப் ஆர்கனுக்கு நிகர் என்று விளம்பரம் செய்கிறான்' என்று புகார் அரசாங்க ஆணையத்துக்குப் போனது. 1937ல் சிகாகோ பல்கலைக்கழக தேவாலயத்தில் இரண்டையும் மறைத்து வைத்து வாசித்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இசை தெரிந்தவர்களே பல தடவை தவறினார்கள். ஆனாலும் சில விளம்பர வாசகங்களை விடச் சொல்லி ஹேமண்டுக்கு உத்தரவு வந்தது.

அந்த வழக்கை இன்று யாரும் பேசுவதில்லை. கறுப்பினத்தவர் தேவாலயங்களிலும் ஜாஸ் மேடைகளிலும் ஜிம்மி ஸ்மித் போன்றவர்கள் அந்த மின்சாரப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். பைப் ஆர்கனில் வராத ஒரு குரலை அதிலிருந்து எடுத்தார்கள். இன்று அந்தச் சத்தத்துக்காகவே பழைய ஹேமண்டைத் தேடி வாங்குகிறார்கள்.

எனவே, குழாயா கட்டையா மின்சாரமா என்பது என் சண்டையே இல்லை. நீங்கள் ஒரு கீபோர்டு வாங்கி, அதன் முன்னால் ஒரு பிள்ளையை உட்கார வைப்பதாக இருந்தால் முதல் ஆயிரம் ரூபாய் என்னுடையது. நீங்கள் வாங்கப் போவது அது இல்லை. நீங்கள் வாங்கப் போவதற்கு ஆளே வேண்டாம். சுவிட்ச் போட ஒரு விரல் போதும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து என்று ஒன்று இருந்தது, சின்னவர்களுக்குத் தெரியாது. நாதஸ்வரம் போலவே இருக்கும் குழல். ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்பார். அவர் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த பையன்தான். சீவாளியைப் பிடிக்க, மூச்சை அடக்க, பெரியவர் எந்த இடத்தில் எப்படித் திருப்புகிறார் என்று பார்க்க, பிழை செய்தாலும் பெரிதாகத் தெரியாமல் நிற்க அது ஒரு இடம். பிறகு துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. ஆர்மோனியத்திலிருந்து கட்டைகளை எடுத்துவிட்டால் அதுதான் சுருதிப் பெட்டி. ஒத்து ஊதிய பையன் துருத்தி அசைத்தான். 1970களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டி செய்தார். சுத்தமான சுருதி, தளராது, கலையாது. நல்ல கருவி. தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோஷ்டியில் அந்தப் பையன் நின்ற இடம் போய்விட்டது. அவன் நிற்காததால் அடுத்த தலைமுறையில் முன்னால் நிற்க வேண்டியவரும் குறைந்தார். இப்போது 'வாசிக்க ஆள் கிடைக்கறதில்லீங்க சார்' என்கிறோம். கிடைக்காது. ஆள் உருவாகும் இடத்தை எடுத்துவிட்டு ஆளைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

இயந்திரம் சத்தம் போடுவதில் எனக்குக் குறையில்லை. அது முதல் நாளே பிழையில்லாமல் சத்தம் போடுகிறதே, அங்கேதான் குறை. பிழையில்லாத சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பிழையோடு தொடங்கும் பிள்ளைக்கு இடம் கிடையாது. முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். தப்பாக எழுத ஒரு சிலேட்டு இல்லாமல் எந்தக் குழந்தையும் சரியாக எழுதியதில்லை.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கார அப்பாரு காலமாகி அப்போது இரண்டு வருஷம். அவர் இருந்தவரை துண்டை முறுக்கிப் பெட்டியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீதி சுற்றி வருவார். பனியில் துருத்தி விறைத்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒரு போர்வை. அவருக்குப் பிறகு போனிலிருந்து ஆம்ப்ளிஃபயரில் பாட்டுப் போட்டோம். பிரபலமான குரல், சுத்தமான பாட்டு. நாங்கள் பதினெட்டுப் பேர் கூட நின்று உதட்டை அசைத்தோம். ஒரு நாள் விடியற்காலை பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது.

அடுத்த வரி யாருக்கும் வரவில்லை. ஐம்பது வருஷமாகக் கேட்கிற திருப்பாவை. எனக்கும் வரவில்லை. இருட்டில் ஜால்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் பேர் நின்றோம். கடைசியில் ஒரு அம்மாயி தன் சுருதியில் மெல்ல எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் தடவித் தடவிப் பின்னால் போனோம்.

அந்த நேரத்தில் மடத்து மூலையிலிருந்து கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஐந்தாவது படிக்கிற ஒரு பையன் ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்து, கைக்கு வந்த நாலு கட்டையைச் சேர்த்து அமுக்கிவிட்டான். எல்லோரும் சிரித்தோம். உடனே ஒரு குரல், "டேய், தொடாதே, அது பழசு!" பையன் கையை எடுத்துக்கொண்டான்.

விடிந்த பிறகு அவன் என்னிடம் வந்து, "சத்தம் எங்கிருந்துங்க சார் வருது?" என்று கேட்டான். மேல் பலகையைக் கழற்றிக் காட்டினேன். வரிசையாகப் பித்தளை ரீடுகள். ஒன்றைச் சுண்டிவிட்டேன். "இவ்வளவு சின்னதா இருக்குது?" என்றான். அந்த முகத்தை ஆய்வகத்தில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உங்களில் பலருடைய முகம் அது.

நீங்கள் செய்யப் போகும் கண்ணாடிப் பெட்டி, 'தொடாதே' என்று அந்தப் பையனிடம் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் மூன்றில் அதையே அதிகமாக எதிர்க்கிறேன்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. 1993ல் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் காலால் மிதிக்கும் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. காலை வணக்கத்தில் அதை வாசித்துவந்த ஆசிரியை ஓய்வு பெற்றார். துருத்தி கிழிந்திருந்தது. பயன்படாத பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட மூவரில் நானும் ஒருவன். பெஞ்சுக் கட்டைகளோடு சேர்த்து ஏலத்தில் போனது. அதற்குப் பதில் டேப் ரெக்கார்டர் வாங்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். "பேட்டரி போட்டால் பாடும், லீவு போடாது" என்று ஸ்டாஃப் ரூமில் ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரத்திலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்தை டேப் பாடியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றார்கள். ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று நானே பாராட்டினேன். அந்த வருஷங்களில் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று அந்தப் பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகப் பாடுவார்கள்? இந்தப் பதிவைப் படிக்கிற அந்தப் பிள்ளைகள் மனசுக்குள் பாடிப் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுபோகும் இடத்துக்கு நான் பொறுப்பு.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. அப்போது, இசைத்தட்டில் ஒலிக்கவிடக் கூடாது, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஏலப் பட்டியல்தான் கண்முன் வந்தது. அரசாங்கமே உத்தரவு போட்டு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு நாம் வந்தது ஒரே நாளில் இல்லை. என்னைப் போல ஆயிரம் பேர் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டோம்.

இப்போது உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'மின்சார மேளம் இல்லாத கோயிலே இப்ப இல்லீங்க சார். ஆள் வெச்சா கட்டுபடி ஆகாது.' சரி, பெரிய கோயிலின் வரவு செலவு எனக்குத் தெரியாது. ஆனால் நம் மடத்தில் மேளத்துக்கு என்றைக்குமே சம்பள ஆள் கிடையாது. மிருதங்கமும் கஞ்சிராவும் ஊர்ப் பிள்ளைகள்தான் அடித்தார்கள். இல்லாத செலவை மிச்சம் பிடிக்க முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவு செய்வது என்ன கணக்கு? நான் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை.

'பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. டியூஷன், நீட், ஜேஇஇ.' ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வாரம் இரண்டு மாலை இல்லையா? போனுக்கு இருக்கிறதே. பெற்றோர்களாக இப்போது இருக்கும் என் மாணவர்களே, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

'பிள்ளைகள் வாசித்தால் கேட்கச் சகிக்காது.' சகிக்காதுதான். ஒரு வருஷம் சகியுங்கள். நீங்கள் எழுதிய முதல் இயற்பியல் தேர்வை நான் சகிக்கவில்லையா?

'கீபோர்டிலேயே தாளமும் தானாக வரும். பட்டனைத் தட்டினால் போதும்.' அந்தப் பட்டனை முதல் ஆறு மாசம் தொடக் கூடாது என்பது என் நிபந்தனை. தாளம் கையில் ஏறட்டும். அப்புறம் எந்தப் பட்டனை வேண்டுமானாலும் தட்டட்டும்.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்காளிகளே, மாப்பிள்ளைகளே, நம் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளத்தை லேப்டாப்பில் போடும் அளவுக்கு வந்துவிட்டோம். மண்டபத்துக்கு லட்சம், மேடைப் பூவுக்கு லட்சம், மேளத்துக்கு மட்டும் பேரம். அடுத்த முகூர்த்தத்துக்கு என்னைக் கூப்பிட்டால் மேளக்காரர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி கணக்கு. கையில் இருப்பது 96,000 ரூபாய்.

பழைய பெட்டியைச் சரி செய்ய 9,000. துருத்திக்குத் தோல் மாற்றி, கெட்டுப்போன ரீடுகளை எடுத்துவிட்டுச் சுருதி சேர்த்துத் தர ஈரோட்டில் ஒருவரிடம் பெட்டியைக் காட்டி விலை கேட்டுவிட்டேன். மரம் நன்றாக இருக்கிறது என்றார்.

சாதாரணக் கீபோர்டு ஒன்று 12,000. ஆமாம், கீபோர்டுதான். ஒரே பெட்டியைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் உட்கார முடியாது. அடுத்த தலைமுறை எந்தக் கட்டையை விரும்பும் என்று முடிவு செய்ய நான் யார்?

சொல்லிக்கொடுப்பவருக்கு மாசம் 5,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 60,000. நாடகத்துக்கு வாசித்துப் பழகிய ஒருவர் கரூரிலிருந்து வாரம் இரண்டு நாள் ரயிலில் வரச் சம்மதித்திருக்கிறார்.

ஆக மொத்தம் 81,000. மீதி 15,000 இரண்டாம் வருஷத்தின் முதல் மூன்று மாசச் சம்பளத்துக்கு. அதற்குப் பிறகு என் ஓய்வூதியத்திலிருந்து மாசம் 1,000 தருகிறேன். மிச்சம் நாலாயிரத்துக்கு நாற்பத்திரண்டு கட்டைவிரல்கள் இருக்கின்றன. ஆளுக்கு நூறு ரூபாய்கூட வராது.

ஸ்பீக்கர் வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன். இந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.

முதல் வகுப்பில் ஒரு இடம் எனக்கு. எழுபத்தொரு வயசில் விரல் வளையாது என்று வீட்டில் சொல்கிறார்கள். வளையாவிட்டால் துருத்தி அடிக்கிறேன். பிள்ளைகள் என் வாசிப்பைக் கேட்டுச் சிரிக்கட்டும். தான் மட்டும்தான் தப்பாக வாசிக்கிறோம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்காமல் இருக்க அது உதவும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் குழுவில் பதில் எழுதுங்கள். கட்டைவிரல் போதாது, எழுத்தில் வேண்டும். மறுத்து எழுதினாலும் சந்தோஷம்தான், காரணத்தோடு எழுதுங்கள். பெரும்பான்மை வேண்டாம் என்றால் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனால் பெட்டியைப் பூட்டும் சாவியை அந்தப் பையனிடம் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் மடத்தைக் கூட்டுகிற அம்மாவிடம் சொல்லிச் சாவியை அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் கதவு திறந்திருக்கிறது. இப்போதைக்கு அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம்தான் வருகிறது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்
கொடுமுடி